குதிரைப் பேரம்: 'ஹார்ஸ் டிரேடிங்' என்ற ஆங்கில மரபுத்தொடர் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

'ஹார்ஸ் டிரேடிங்' என்றால் என்ன பொருள்?

இரு தரப்பும் பேச உட்கார்ந்து, ஒன்றை விட்டுக்கொடுத்து இன்னொன்றைப் பெற்று, சாமர்த்தியமாகவும் விடாப்பிடியாகவும் பேசி ஓர் உடன்பாட்டுக்கு வருவதை ஆங்கிலத்தில் இப்படிச் சொல்கிறார்கள். மசோதாவுக்கு ஆதரவு திரட்டுவது, கூட்டணி அரசில் இலாகாக்களைப் பிரித்துக்கொள்வது, நிறுவனங்கள் ஒப்பந்தம் பேசுவது, விளையாட்டு அணிகள் வீரர்களை மாற்றிக்கொள்வது என எங்கும் இந்தச் சொல் வரும். கறாராக விலை பேசுவது மட்டும் இதற்குப் போதாது, பண்டமாற்றும் இருக்க வேண்டும். ஒருவர் கேட்டுக்கொண்டே இருக்க, மற்றவர் கொடுத்துக்கொண்டே இருந்தால் அது ஹார்ஸ் டிரேடிங் ஆகாது.

கொஞ்சம் தந்திரம் கலந்தது, மூடிய கதவுக்குப் பின்னால் நடப்பது என்ற வாடை இந்தச் சொல்லில் உண்டு. ஆனால் குற்றம் என்ற பொருள் இல்லை. நம் செய்தித்தாள்களில் இதைப் படித்துப் பழகியவர்களுக்கு இது வியப்பாக இருக்கும். இந்த விளக்கத்தை எழுதக் காரணமே அதுதான்.

எம்.எல்.ஏ.க்களை விலைக்கு வாங்குவதைத்தானே குதிரைப் பேரம் என்கிறார்கள்?

இந்தியாவில் ஆம். இங்கே வெளிவரும் ஆங்கில நாளிதழ்களிலும், அவற்றைப் பின்பற்றிய தமிழ், இந்தி நாளிதழ்களிலும் இந்தச் சொல் ஏறக்குறைய ஒரே பொருளில்தான் வருகிறது: பணமோ பதவியோ கொடுத்து மக்கள் பிரதிநிதிகளை அணி மாறச் செய்வது. லண்டனிலோ நியூயார்க்கிலோ ஒருவர் எழுதினால் 'நீண்ட பேரத்துக்குப் பிறகு ஒத்துக்கொண்டார்கள்' என்ற அளவில் நின்றுவிடும். அதே சொல்லை டெல்லியில் எழுதினால் 'யாரோ பணம் வாங்கியிருக்கிறார்கள்' என்று ஆகிவிடும்.

இரண்டில் எதையும் தவறு என்று சொல்ல முடியாது. போன இடத்தில் சொல் வேறு வாழ்க்கை வாழ்கிறது. ஆனால் படிப்பவர் எந்த நாட்டுச் செய்தியைப் படிக்கிறோம் என்பதை முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும். பிரஸ்ஸல்ஸில் ஐரோப்பிய ஒன்றியத் தலைவர்கள் ஹார்ஸ் டிரேடிங்கில் ஈடுபட்டார்கள் என்ற செய்தியைப் படித்துவிட்டு, அங்கே லஞ்சம் கைமாறியது என்று புரிந்துகொண்டால் செய்தியே தலைகீழாகிவிடும்.

ஏன் குதிரை? வேறு மிருகமே கிடைக்கவில்லையா?

பழைய காலத்துச் சந்தையில் விற்பவருக்கு எல்லாம் தெரிந்து, வாங்குபவருக்கு மிகக் குறைவாகத் தெரிந்த பொருள் குதிரை. அரிசியை அள்ளிப் பார்க்கலாம், துணியை விரித்துப் பார்க்கலாம். குதிரையின் மூச்சு இரைக்குமா, கால் நொண்டுமா, இரவில் லாயத்தை உதைக்குமா என்பதெல்லாம் வீட்டுக்குக் கொண்டுபோன பிறகுதான் தெரியும். விலையோ பெரிது. ஆகவே ஒவ்வொரு வார்த்தையையும் சந்தேகப்பட்டுத்தான் பேரம் நடந்தது.

வயதைக் கணிக்கப் பல்லைப் பார்ப்பார்கள். கீழ் முன்பற்களின் மேற்பரப்பில் இருக்கும் குழிகள் ஆறு வயதிலிருந்து எட்டு வயதுக்குள் ஒவ்வொரு ஜோடியாகத் தேய்ந்து மறையும். இது தெரிந்த மோசடிக்காரர்கள் கிழக்குதிரையின் பல்லில் புதிதாகக் குழி குடைந்து, அதைக் கருக வைத்து இளங்குதிரை என்று விற்றார்கள். சோர்ந்த குதிரை துள்ளி நிற்கவும் வாலை உயர்த்திப் பிடிக்கவும் அதன் ஆசனவாயில் இஞ்சியைத் திணிக்கும் கொடுமையும் நடந்தது. குதிரை வியாபாரி என்ற பெயரே ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் நம்பத்தகாதவர் என்ற பொருளைத் தாங்கிக்கொண்டது இதனால்தான்.

இங்கிலாந்தின் ஒப்பந்தச் சட்டத்திலேயே குதிரை விற்பனையின் தடம் இருக்கிறது. 1766-இல் தொடங்கிய டாட்டர்சால்ஸ் லண்டனின் பேர்பெற்ற குதிரை ஏல நிறுவனம். அங்கே ஏலத்துக்கு வந்த குதிரை ஒன்றின் கால்களை ஹாப்கின்ஸ் என்பவர் முந்தின நாள் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். சோதிக்கத் தேவையில்லை, எந்தக் குறையும் இல்லாத குதிரை என்று உரிமையாளர் டாங்கரே உறுதி சொன்னார். ஹாப்கின்ஸ் அந்தப் பேச்சை நம்பி மறுநாள் ஏலத்தில் வாங்கினார். குதிரையில் குறை இருந்தது. 1854-இல் நீதிமன்றம் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது: முந்தின நாள் பேச்சு விற்பனை ஒப்பந்தத்தின் பகுதியான உத்தரவாதம் அல்ல என்றது. எந்தச் சொல் வெறும் பேச்சு, எந்தச் சொல் வாக்குறுதி என்பது எந்தப் பேரத்திலும் முக்கியமான கேள்வி. அது நீதிமன்றத்தில் அலசப்பட்ட வழக்குகளுள் ஒன்று ஒரு குதிரையின் காலைச் சுற்றியே நடந்தது.

இந்தத் தொழிற்சொல் அரசியல் பேரத்துக்கும் பொதுவான பேரத்துக்கும் உருவகமாகப் பரவியது பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்காவில். அங்கே குதிரையைக் காசுக்கு விற்பதைவிட, குதிரைக்குக் குதிரை மாற்றிக்கொண்டு மேற்கொண்டு கொஞ்சம் பணம் வாங்குவதும் கொடுப்பதும் வழக்கமாக இருந்தது. மாற்றிக்கொள்ளுதல் என்ற அடிப்பொருள் அப்படித்தான் சொல்லில் தங்கியது.

நம் மரபில் குதிரை வியாபாரம் இல்லையா?

நிறையவே இருந்தது. கடல்வழி வந்த குதிரைகளைச் சங்கப் பாடல்கள் பேசுகின்றன. பாண்டியர் காலத்தில் அரேபிய, பாரசீகக் குதிரைகள் காயல் துறைமுகத்தில் வந்து இறங்கின. மாணிக்கவாசகர் கதை தமிழர் எல்லோருக்கும் தெரியும். குதிரை வாங்கக் கொடுத்த அரசுப் பணம் திருப்பெருந்துறைக் கோயிலுக்குப் போக, நரிகள் பரிகளாகி மதுரைக்கு வந்து, இரவில் மீண்டும் நரிகளாகி ஓடின. வாங்கிய குதிரையின் உண்மை விடிந்த பிறகுதான் தெரியும் என்ற அச்சம் அந்தக் கதைக்குள்ளும் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. இன்றும் ஈரோடு மாவட்டம் அந்தியூரில் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாவை ஒட்டிக் குதிரைச் சந்தை கூடுகிறது.

ஆனால் அரசியல் பொருள் தரும் 'குதிரைப் பேரம்' என்ற தொடர் இந்த மரபிலிருந்து வரவில்லை. அது ஆங்கிலத்தின் நேர்ப்பெயர்ப்பு. நம் சொந்த மரபில் இதற்கு நெருங்கிய காட்சி மாட்டுச் சந்தையில்தான் இருக்கிறது. தரகரும் வியாபாரியும் கைகளைத் துண்டால் மூடிக்கொண்டு விரல்களைப் பிடித்து விலை பேசுவார்கள். சுற்றி நிற்பவருக்கு எந்தத் தொகையும் தெரியாது. பேரம் படிந்தால் துண்டு விலகும்.

ஆங்கிலப் பொருளில் உண்மையான உதாரணம் ஒன்று சொல்ல முடியுமா?

1790-இல் அமெரிக்காவில் நடந்ததைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. விடுதலைப் போருக்காக மாநிலங்கள் வாங்கிய கடன்களை மத்திய அரசே ஏற்க வேண்டும் என்றார் நிதித்துறைச் செயலர் அலெக்சாண்டர் ஹாமில்டன். கடனில் பெரும்பகுதியை அடைத்துவிட்ட வர்ஜீனியா இதை ஏற்கவில்லை. அந்த மாநிலத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் மாடிசன் பிரதிநிதிகள் சபையில் எதிர்ப்புக்குத் தலைமை தாங்கினார். அதே நேரத்தில் நாட்டின் நிரந்தரத் தலைநகரம் எங்கே அமைவது என்ற சண்டையும் ஓடிக்கொண்டிருந்தது. தென்மாநிலத்தவர் அது தங்கள் பக்கம், பொட்டோமாக் நதிக்கரையில் அமைய வேண்டும் என்று விரும்பினார்கள்.

அந்த ஆண்டு ஜூன் மாதம் வெளியுறவுச் செயலர் தாமஸ் ஜெஃபர்சன் இருவரையும் நியூயார்க்கில் தன் வீட்டுக்கு விருந்துக்கு அழைத்தார். அங்கே பேரம் படிந்தது. கடன் திட்டத்தை மாடிசன் தீவிரமாகத் தடுக்க மாட்டார், தலைநகரம் பொட்டோமாக் கரைக்குப் போகும். மாடிசன் கடைசிவரை எதிர்த்தே வாக்களித்தார். ஆனால் அந்த நதிக்கரைப் பகுதிகளின் உறுப்பினர்கள் சிலர் மாற்றி வாக்களித்தார்கள், திட்டம் நிறைவேறியது. பத்தாண்டுகள் பிலடெல்பியாவில் இருந்த தலைநகரம் 1800-இல் வாஷிங்டனுக்கு மாறியது. யாருடைய பைக்கும் பணம் போகவில்லை. இரு தரப்பும் தமக்கு மிக வேண்டியதைப் பெற்று, குறைவாக வேண்டியதை விட்டன. இதுதான் இந்தச் சொல்லின் இயல்பான பொருள்.

அண்மைக் காலத்தில் பிரிட்டனைப் பார்க்கலாம். 2017 தேர்தலில் பெரும்பான்மையை இழந்த தெரசா மேயின் கன்சர்வேட்டிவ் கட்சிக்கு வட அயர்லாந்தின் ஜனநாயக ஒன்றியக் கட்சியின் 10 எம்.பி.க்கள் தேவைப்பட்டார்கள். ஜூன் 26-இல் கையெழுத்தான உடன்பாட்டில் வட அயர்லாந்துக்கு 100 கோடி பவுண்டு கூடுதல் நிதி கிடைத்தது. கடும் விமர்சனம் எழுந்தது என்றாலும் உடன்பாடு பகிரங்கமாக வெளியிடப்பட்டது, பணமும் ஒரு பகுதியின் மருத்துவமனைகளுக்கும் சாலைகளுக்கும் போவதாக இருந்தது.

அப்படியானால் ஆங்கிலத்தில் இது நல்ல சொல்லா?

அப்படியும் இல்லை. பாராட்டாக யாரும் சொல்வதில்லை. கொள்கையை ஓரம் வைத்துக் கணக்குப் பார்த்தார்கள் என்ற குறை அதில் ஒலிக்கும். 2009 டிசம்பரில் அமெரிக்க மருத்துவக் காப்பீட்டு மசோதாவுக்கு செனட்டில் அறுபதாவது வாக்கு தேவைப்பட்டபோது, நெப்ராஸ்கா செனட்டர் பென் நெல்சன் தன் மாநிலத்துக்கு மட்டும் ஏழைகளுக்கான மருத்துவ உதவித் திட்டமான மெடிகெய்டின் விரிவாக்கச் செலவை மத்திய அரசே முழுமையாக ஏற்கும் சலுகையைப் பெற்றார். நாடெங்கும் எழுந்த கோபத்தில் அடுத்த ஆண்டே அந்தச் சலுகை நீக்கப்பட்டது. மக்கள் முகம் சுளிக்கும் பேரமும் ஹார்ஸ் டிரேடிங்தான். சட்டப்படி குற்றம் என்ற எல்லைக்குப் போகும்போதுதான் ஆங்கிலேயரும் அமெரிக்கரும் 'லஞ்சம்' என்ற நேரடிச் சொல்லுக்கு மாறுகிறார்கள்.

இந்தியாவில் பொருள் ஏன் இவ்வளவு குறுகியது?

நம் அரசியல் வரலாறுதான் காரணம். 1967 தேர்தலுக்குப் பிறகு பல மாநிலங்களில் ஆட்சிகள் கட்சித் தாவலால் கவிழ்ந்தன. ஹரியானாவின் கயா லால் என்ற எம்.எல்.ஏ. இரண்டு வாரத்துக்குள் மூன்று முறை கட்சி மாறினார். 'ஆயா ராம், கயா ராம்' என்ற சொலவடை அவரால் பிறந்தது. அடுத்தடுத்து இதே காட்சிகளைப் பார்த்த நாட்டில், பேரம் என்றாலே ஆள் வாங்குவது என்ற எண்ணம் பதிந்ததில் வியப்பில்லை.

1985-இல் 52-ஆவது திருத்தத்தின் மூலம் அரசமைப்பில் பத்தாவது அட்டவணை சேர்க்கப்பட்டது. கட்சி தாவினால் பதவி போகும் என்றது அது. ஆனால் மூன்றில் ஒரு பங்கினர் சேர்ந்து பிரிந்தால் தப்பலாம் என்ற வழியும் அதிலேயே இருந்தது. 2003-இல் 91-ஆவது திருத்தம் அந்த வழியை அடைத்தது, அமைச்சர்களின் எண்ணிக்கைக்கும் அவை பலத்தில் 15 சதவீதம் என்று உச்சவரம்பு வைத்தது. பிறகு பதவி விலகல் என்ற புதிய வழி பிறந்தது. 2019-இல் கர்நாடகத்தில் ஆளும் கூட்டணியின் உறுப்பினர்கள் வரிசையாக ராஜினாமா செய்ய, ஜூலையில் குமாரசாமி அரசு கவிழ்ந்தது. சபாநாயகர் அவர்களைத் தகுதிநீக்கம் செய்ததை உச்ச நீதிமன்றம் உறுதி செய்தாலும் அவர்கள் இடைத்தேர்தலில் போட்டியிடத் தடையில்லை என்றது.

தமிழகத்தில் இந்தச் சொல் மிக அதிகமாகக் காதில் விழுந்தது 2017 பிப்ரவரியில். கூவத்தூர் விடுதியில் எம்.எல்.ஏ.க்கள் தங்கவைக்கப்பட்டு, பிப்ரவரி 18-ஆம் நாள் எடப்பாடி பழனிசாமி அரசு 122-க்கு 11 என்ற கணக்கில் நம்பிக்கை வாக்கு பெற்ற அந்த நாட்களில், குதிரைப் பேரக் குற்றச்சாட்டு இல்லாமல் நாளிதழே வரவில்லை.

நீதிமன்றங்களும் இந்தச் சொல்லைப் பயன்படுத்துகின்றனவா?

பயன்படுத்துகின்றன. 2005-இல் பீகாரில் குதிரைப் பேரம் நடப்பதாகச் சொல்லி, அவை ஒருமுறைகூடக் கூடாத நிலையில் சட்டமன்றத்தைக் கலைக்கப் பரிந்துரைத்தார் ஆளுநர் பூட்டா சிங். அந்தக் கலைப்பு அரசமைப்புக்கு முரணானது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தக்க ஆதாரமில்லாத சந்தேகத்தை வைத்து ஆட்சி அமையும் வாய்ப்பையே மறுக்க முடியாது என்பது அதன் சாரம். இந்தச் சொல் எவ்வளவு எளிதில் ஆயுதமாகும் என்பதற்கு இந்த வழக்கை மறக்கக் கூடாது.

அதைவிடப் பெரிய மாற்றம் 2024 மார்ச் 4-இல் வந்தது. 1993-இல் நரசிம்ம ராவ் அரசு மீதான நம்பிக்கையில்லாத் தீர்மானத்தின்போது சில எம்.பி.க்கள் பணம் பெற்றதாக எழுந்த வழக்கில், பணம் வாங்கிக்கொண்டு அவையில் வாக்களித்தவர்களுக்கு அரசமைப்பின் 105-ஆவது பிரிவு பாதுகாப்புத் தரும் என்று 1998-இல் பெரும்பான்மைத் தீர்ப்பு சொல்லியிருந்தது. கால் நூற்றாண்டு நின்ற அந்தத் தீர்ப்பை ஜார்க்கண்ட் அரசியல்வாதி சீதா சோரனின் வழக்கில் ஏழு நீதிபதிகள் அமர்வு ஒருமனதாக மாற்றியது. அவையில் வாக்களிக்கவோ பேசவோ லஞ்சம் வாங்குவதற்கு எந்தச் சிறப்புரிமையும் கிடையாது.

இலங்கைத் தமிழ்ச் செய்திகளிலும் இதே பொருள்தானா?

ஆம். 2018 அக்டோபர் 26-இல் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன திடீரென மஹிந்த ராஜபக்சவைப் பிரதமராக நியமித்தபோது, பெரும்பான்மைக்கு ஆள் சேர்க்கும் முயற்சி பற்றிய செய்திகளில் இந்தப் பொருள்தான் நிறைந்திருந்தது. நாடாளுமன்றத்தைக் கலைத்ததற்கு அவர் பின்னர் சொன்ன காரணங்களுள், எம்.பி.க்களுக்கு விலை பேசப்படுகிறது என்பதும் ஒன்று. அந்தக் கலைப்பு செல்லாது என்று டிசம்பர் 13-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

தேர்தல் நேரத் தொகுதிப் பங்கீடு குதிரைப் பேரமா?

தமிழ் வழக்கில் இல்லை. ஆங்கிலப் பொருளில் அதுவேதான்! 'அந்தத் தொகுதியை எங்களுக்கு விடுங்கள், மாநிலங்களவையில் ஓர் இடம் தருகிறோம்' என்று நள்ளிரவு வரை நடக்கும் பேச்சை ஓர் ஆங்கிலேயச் செய்தியாளர் தயங்காமல் ஹார்ஸ் டிரேடிங் என்று எழுதுவார். நாம் அதைத் 'தொகுதிப் பங்கீட்டுப் பேச்சுவார்த்தை' என்கிறோம். இரு மொழி வழக்கும் எங்கே பிரிகின்றன என்பதை மாணவர்களுக்கு விளக்க இதைவிடத் தெளிவான இடம் கிடையாது.

குதிரை பேரமா, குதிரைப் பேரமா?

நாளிதழ்களில் இரண்டும் வருகின்றன. குதிரைச் சந்தை, குதிரைக் கொட்டில் போல இதிலும் ஒற்று மிகும். 'குதிரைப் பேரம்' என்று எழுதுவதே சரி.

இதற்கு நெருங்கிய வேறு ஆங்கிலத் தொடர்கள் எவை?

'டிரைவ் எ ஹார்ட் பார்கெய்ன்' என்பது ஒருவரே இறங்கி வராமல் கறாராக நிற்பதைக் குறிக்கும். அங்கே பண்டமாற்று முக்கியமில்லை. 'லாக் ரோலிங்' என்பது 'என் மசோதாவுக்கு நீ வாக்களி, உன்னுடையதற்கு நான் வாக்களிக்கிறேன்' என்ற ஏற்பாடு. காட்டைத் திருத்திய அமெரிக்கக் குடியேறிகள் ஒருவர் மரத்துண்டுகளை மற்றவர் உருட்டிக்கொடுத்த வழக்கத்திலிருந்து வந்தது. 'மீட் ஹாஃப் வே' என்பது இருவரும் சரிபாதி இறங்கி வருவது, அதில் தந்திரத்தின் நிழல் இல்லை. ஹார்ஸ் டிரேடிங்கில் அந்த நிழல் எப்போதும் உண்டு.

வாக்கியத்தில் எப்படி வரும்? அலுவலக மின்னஞ்சலில் எழுதலாமா?

பெரும்பாலும் பெயர்ச்சொல்லாகவே வரும். பன்மை கிடையாது, 'ஒரு' என்ற பொருள் தரும் 'எ' முன்னால் வராது. 'மச்', 'எ லாட் ஆஃப்', 'பொலிட்டிக்கல்' போன்றவை அதற்கு முன் இயல்பாக ஒட்டும். பெயர்ச்சொல்லுக்குச் சிறுகோடு இட்டும் இடாமலும் எழுதுகிறார்கள். வினையாக 'ஹார்ஸ் டிரேட்' என்று எழுதும்போது சிறுகோடு இடுவது நல்லது.

மின்னஞ்சலைப் பொறுத்தவரை என் அறிவுரை ஒன்றுதான்: இந்தியாவுக்குள் போகும் கடிதத்தில் எழுதவே வேண்டாம். வாடிக்கையாளருடன் விலையும் கால அவகாசமும் பேசி முடித்ததை ஹார்ஸ் டிரேடிங் என்று மேலாளருக்கு எழுதினால், யாருக்கு எவ்வளவு கொடுத்தீர்கள் என்ற கேள்வி திரும்பி வரலாம். வெளிநாட்டவருக்கு எழுதும்போதும் பேச்சுவழக்கின் தொனி இதில் உண்டு என்பதை நினைவில் வையுங்கள். கூட்டக் குறிப்பிலும் ஒப்பந்தத்திலும் 'நெகோஷியேஷன்' என்பதே பொருத்தம்.

தமிழில் மொழிபெயர்க்கும்போது எதை எழுதுவது?

வெளிநாட்டுச் செய்தியாக இருந்தால் 'குதிரைப் பேரம்' என்று எழுதாதீர்கள். 'கொடுக்கல் வாங்கல் பேரம்', 'நீண்ட பேரத்துக்குப் பின் உடன்பாடு', 'விட்டுக்கொடுத்துப் பேசி முடித்தார்கள்' ஆகியவை வாசகரைச் சரியான இடத்துக்கு அழைத்துப் போகும். உள்நாட்டுச் செய்தியில் ஒரு கட்சி மறுகட்சியைக் குற்றம் சாட்டும் கட்டத்தில் 'குதிரைப் பேரம்' எழுதலாம், அது அவர்கள் சொன்ன சொல். ஆனால் பணம் பிடிபட்டு வழக்குப் பதிவாகிவிட்டால் அங்கே பேரம் என்ற சொல்லுக்கு இடமில்லை. பேரம் என்பது சந்தையில் இருவர் நேர்மையாகவும் செய்யக்கூடிய காரியம். வாக்காளர் கொடுத்த வாக்கை விற்பதற்கு நம்மிடம் வேறு பெயர் இருக்கிறது. 'லஞ்சம் கொடுத்ததாக வழக்கு' என்று எழுதுங்கள்.